கையெழுத்துக்கு முன் ஒரு வாக்கு

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியும் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றியும் கேட்டுப் பழகிய அவையில் விமானிகளைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கை நிறையச் சம்பளம் வாங்குபவர்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். எந்த நாட்டிலும் விமானிகளின் வேலை நிறுத்தம் நெருங்கும்போது செய்தித்தாள்கள் விமானிகளுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான சண்டையைத்தான் எழுதுகின்றன. அதற்குள் இன்னொரு சண்டை நடக்கிறது. அது உறுப்பினர்களுக்கும் அவர்களே தேர்ந்தெடுத்த தலைவர்களுக்கும் இடையில் நடப்பது. மூடிய கதவுக்குள் தலைவர்கள் பேசி முடித்து வரும் ஒப்பந்தத்தை ஏற்கவோ மறுக்கவோ உறுப்பினருக்கு உரிமை உண்டா என்பதே அதன் மையக் கேள்வி. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சம்பள ஒப்பந்தங்களைப் பற்றி நம் தோட்டப்புறங்களில் பல தலைமுறைகளாகக் கேட்கப்பட்டதும் இதே கேள்விதான். உண்டு என்பது என் பதில். சட்டம் அந்த உரிமையைத் தரத் தவறினாலும், சங்கம் தன் விதிகளிலேயே அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதை நிறுவவே இந்த நேரத்தைப் பயன்படுத்தப் போகிறேன்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் முதன்மைச் சான்று சிங்கப்பூர் விமானிகளின் வரலாறு. அதை அயல்நாட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1947 மே முதல் நாள் மலாயன் ஏர்வேஸ் தன் முதல் அட்டவணைச் சேவையைத் தொடங்கியபோது, சிங்கப்பூரில் கிளம்பிய விமானம் கோலாலம்பூரையும் ஈப்போவையும் தொட்டுப் பினாங்குக்குத்தான் வந்தது. அந்த ஒரே நிறுவனம்தான் 1972இல் மலேசியாவின் மாஸ் என்றும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றும் இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் தொழிலாளர் பிணக்குகள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வெடித்தன. இரண்டு அரசுகளும் ஒரே மாதிரியான மருந்தைத்தான் கொடுத்தன. மேலும், 2003ஆம் ஆண்டுப் பிணக்கின் நடுவில் நின்ற விமானி ஒரு மலேசியர்.

அந்த ஆண்டு சார்ஸ் நோய் ஆசிய வான்வழிகளை வெறிச்சோட வைத்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 312 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி நட்டம் கண்டது. காலாண்டுக் கணக்கில் நட்டம் என்பதை அதுவரை அறியாத நிறுவனம் அது. ஆட்குறைப்பு நடந்தது; சம்பள வெட்டும் வந்தது. விமானிகள் சங்கமான ஆல்பா-எஸ், நிறுவனத்தோடு பேசி, கேப்டன்களுக்கு 16.5 விழுக்காடும் துணை விமானிகளுக்கு 11 விழுக்காடும் சம்பளம் குறைக்க இணங்கியது. நோய் தணிந்ததும் பயணிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் திரும்பினார்கள். நிறுவனம் அடுத்த காலாண்டிலேயே லாபத்துக்கு வந்தது. நிதியாண்டு முடிந்தபோது நிகர லாபம் சுமார் 849 மில்லியன் வெள்ளி. ஆனால் விமானிகள் அந்த ஆண்டுக் கணக்கு வரும்வரை காத்திருக்கவில்லை. 2003 நவம்பரிலேயே சிறப்புக் கூட்டம் கூட்டி, சுமார் 55 விழுக்காடு ஆதரவோடு 22 பேர் கொண்ட செயலவை முழுவதையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைவர்கள் தங்களுக்காகப் போதிய அளவு வாதாடவில்லை, எளிதில் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்பது அவர்களுடைய குறை. அந்தக் குறை முழுக்க நியாயமானதா என்பது வேறு விஷயம். ஜூன் மாதத்தில் நோய் எவ்வளவு காலம் நீடிக்கும் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே, அப்போது கையெழுத்திட்ட தலைவர்களை நவம்பர் மாத அறிவை வைத்துக் குற்றம் சாட்டுவதில் ஓரளவு அநீதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களே, சங்கம் கூட்டிய கூட்டத்தில், வாக்கெடுத்து நீக்கினார்கள். அன்று ஒரு விமானம்கூட நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு அரசு கொடுத்த பதில்தான் நம் ஆய்வுக்கு உரியது. அப்போது மூத்த அமைச்சராக இருந்த லீ குவான் இயூ நேரடியாகத் தலையிட்டுக் கடுமையாக எச்சரித்தார். தலைமையை மாற்றும் முயற்சியைத் தூண்டியவர் என்று சுட்டிக்காட்டப்பட்ட கேப்டன் ரையன் கோ மலேசியக் குடிமகன், சிங்கப்பூரில் நிரந்தரவாசி. அவருடைய நிரந்தரவாசத் தகுதி ரத்து செய்யப்பட்டது. 2004இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தியது. கூட்டு ஒப்பந்தத்தை உறுப்பினர்களின் ஒப்புதலுக்கு விட வேண்டும் என்று ஆல்பா-எஸ் விதிகளில் இருந்த ஏற்பாடு அத்துடன் வலுவிழந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட செயலவை கையெழுத்திட்டால் போதும். உறுப்பினரைக் கேட்கத் தேவையில்லை. தலைமை மீது நம்பிக்கையின்மை எழுந்தது என்பதற்காக, நம்பிக்கையின்மையைச் சொல்வதற்கு இருந்த வழியை அடைத்த சட்டம் இது. சிங்கப்பூருக்கு இதில் முன் அனுபவமும் இருந்தது. 1980இல் இதே நிறுவனத்தின் விமானிகள் ஊதிய உயர்வு கேட்டு விதிப்படி மட்டும் வேலை செய்யும் போராட்டத்தில் இறங்கினார்கள். அன்றைய சங்கத்தின் பொறுப்பாளர்கள் 15 பேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். 1981இல் சங்கத்தின் பதிவே ரத்தானது. ஆல்பா-எஸ் அந்தச் சாம்பலிலிருந்து எழுந்த சங்கம்தான்.

விமானிகள் தங்கள் தலைவர்களை ஏன் இவ்வளவு எளிதாகச் சந்தேகிக்கிறார்கள்? குணக்கேடு என்று சொல்லிவிடலாம். ஆனால் காரணம் அந்தத் தொழிலின் அமைப்பிலேயே கிடக்கிறது. பெரிய விமான நிறுவனங்களில் ஒரு விமானியின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது பணிமூப்புப் பட்டியலில் அவருக்குள்ள எண். எந்த விமானத்தை ஓட்டுவது, எப்போது கேப்டன் ஆவது, ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் போவது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த எண்ணைப் பொறுத்தவை. வேறு நிறுவனத்துக்குப் போனால் பட்டியலின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். கணக்கர் ஒருவர் முதலாளியைப் பிடிக்கவில்லை என்றால் வேறு அலுவலகம் பார்த்துக்கொள்வார். இருபது ஆண்டு மூப்புள்ள விமானியால் அப்படிக் கிளம்ப முடியாது. வெளியேற வழியில்லாதவனுக்குச் சங்கத்தில் எழும் குரல் ஒன்றுதான் மிச்சம். இனி சம்பளச் சீட்டைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் ஒரு பகுதி. பறக்கும் நேரத்துக்கான படி, வெளியூர்த் தங்கல் படி, விமான வகைக்கான படி என்று மற்றொரு பகுதி. நெருக்கடி வந்து சேவைகள் குறைந்தால், வெட்டு அறிவிக்கப்படும் முன்பே படிகள் சரிந்துவிடும். அதற்கு மேல் அடிப்படைச் சம்பளத்திலும் கை வைத்தால், ஒப்பந்தத்தில் அச்சாகும் விழுக்காடு ஒன்று, வீட்டுக்கு வரும் இழப்பு வேறொன்று. மூத்த கேப்டனுக்கு ஒரு கணக்கு. இப்போதுதான் பயிற்சி முடித்துக் கடனோடு நிற்கும் இளம் துணை விமானிக்கு வேறு கணக்கு. இத்தனை வகைக் கணக்குகளையும் சில பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரே எண்ணாகச் சுருக்குகிறார்கள். நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்தை ரகசிய உறுதி வாங்கிக்கொண்டு அவர்களுக்கு மட்டும் காட்டுகிறது. நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் தலைமை விமானிகளும் இதே பட்டியலிலிருந்து போனவர்கள்தான். இன்றைய சங்கத் தலைவர் நாளை அந்த நாற்காலியில் இருக்கலாம் என்ற எண்ணம் எல்லோர் மனத்திலும் ஓடும். நேர்மையான தலைவர் ஒருவர் இந்த இடத்தில் உட்கார்ந்தாலும் சந்தேகம் அவர்மீது விழும். அவர் தம் நேர்மையை எதைக் காட்டி நிரூபிப்பார்? உறுப்பினர்கள் முன் ஒப்பந்தத்தை வைத்து, இதை ஏற்கிறீர்களா என்று கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

நம் நாட்டுக் கதை இதைவிடக் கசப்பானது. 1978ஆம் ஆண்டின் இறுதியிலும் 1979இன் தொடக்கத்திலும் மாஸ் நிறுவனத்தில் பிணக்கு முற்றி, விமான ஊழியர் சங்கத்தினர் மேலதிக நேர வேலையை மறுத்தார்கள். அரசு சங்கப் பொறுப்பாளர்களை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பிடித்து அடைத்தது. அனைத்துலகப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் ஆசியப் பிரதிநிதி டோனல்ட் யூரனும் அவர்களில் ஒருவர். சங்கத்தின் பதிவு ரத்து செய்யப்பட்டது. 1980இல் தொழிற்சங்கச் சட்டமும் தொழில் உறவுச் சட்டமும் இறுக்கப்பட்டன. பினாங்கில் பிறந்த பொருளியலாளர் ஜோமோ, பேட்ரிஷியா டாட் என்பவரோடு சேர்ந்து தீபகற்ப மலேசியாவின் தொழிற்சங்கங்களையும் அரசையும் பற்றி எழுதிய நூல் 1994இல் வெளிவந்தது. அந்தக் காலத்தை அறிய விரும்பும் இளம் பொறுப்பாளர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

இன்றைய சட்டத்தில் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது; அதன்மீது உங்கள் கவனத்தை நிறுத்த விரும்புகிறேன். 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி, வேலை நிறுத்தம் செய்ய வேண்டுமானால் அதற்குரிய உறுப்பினர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் ரகசிய வாக்கெடுப்பில் சம்மதிக்க வேண்டும். வாக்களிக்க வந்தவர்களில் மூன்றில் இரண்டு அல்ல. வாக்குரிமை உள்ள எல்லாரிலும் மூன்றில் இரண்டு. வராதவரும் எதிர்த்து வாக்களித்தவராகவே ஆகிறார். முடிவைத் தொழிற்சங்கத் தலைமை இயக்குநருக்கு அனுப்பிவிட்டு ஏழு நாள் காத்திருக்க வேண்டும். விமானச் சேவை இன்றியமையாச் சேவை ஆகையால் 21 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். இதற்கிடையில் பிணக்கு தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டால் வேலை நிறுத்தமே சட்டவிரோதம். வேலையை நிறுத்த இத்தனை படிகள். ஆனால் வேலைக்கான சம்பளத்தையும் விடுப்பையும் படிகளையும் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குக் கட்டிப்போடும் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட எத்தனை உறுப்பினர்களின் வாக்கு வேண்டும் என்று பார்த்தால், சட்டம் ஒருவருடைய வாக்கையும் கேட்கவில்லை. ரகசிய வாக்கெடுப்பு கட்டாயம் என்று சட்டம் பட்டியலிடும் விவகாரங்களில் பொறுப்பாளர் தேர்தல் உண்டு, வேலை நிறுத்தம் உண்டு, சங்க இணைப்பு உண்டு; ஒப்பந்தம் இல்லை. உறுப்பினரின் கோபத்துக்கு ஒன்பது பூட்டுப் போட்ட சட்டம், தலைவரின் இணக்கத்துக்கு ஒரு தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. இந்த இடத்தில்தான் தலைமை மீதான சந்தேகம் முளைக்கிறது என்பது என் துணிபு.

எதிர்வாதங்கள் வலுவானவை, அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் வாக்குக்கு விட்டால் பேச்சுவார்த்தையே முடியாது, தலைவரின் சொல்லுக்கு நிர்வாகம் மதிப்புத் தராது என்பது முதல் வாதம். சிங்கப்பூர் அரசின் நியாயமும் ஏறத்தாழ இதுதான். வாக்குரிமை வழக்கமாகிவிட்ட அமெரிக்காவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 2015 ஜூலையில் டெல்டா நிறுவனத்தின் விமானிகள், தங்கள் தலைவர்கள் கொண்டுவந்த ஒப்பந்தத்தை 65 விழுக்காடு வாக்கில் நிராகரித்தார்கள். பேச்சு மறுபடி தொடங்கியது; 2016 டிசம்பரில் புதிய ஒப்பந்தம் 82 விழுக்காடு ஆதரவோடு நிறைவேறியது. இடையில் வேலை நிறுத்தம் நடக்கவில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தாமதமானது உண்மை. அந்தத் தாமதத்தின் விலை ஊதிய உயர்வுக்காகக் காத்திருந்த விமானிகளின் தலையிலும் விழுந்தது. ஆனால் இறுதியில் கிடைத்தது, பத்தில் எட்டுப் பேர் தமதென்று ஏற்ற ஒப்பந்தம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கதை இவ்வளவு சுமுகமானது அல்ல. 2012இல் நிறுவனம் திவால் நீதிமன்றத்தில் இருந்தபோது விமானிகள் 61 விழுக்காடு வாக்கில் ஒப்பந்தத்தை மறுத்தார்கள். சங்கத் தலைவர் பதவி விலகினார். நீதிமன்றம் பழைய ஒப்பந்தத்தைக் கைவிட நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது. செப்டம்பரில் விமானங்கள் தாமதமாயின, ரத்தாயின. டிசம்பரில் இரண்டாவது ஒப்பந்தம் சுமார் 74 விழுக்காடு ஆதரவோடு நிறைவேறியது. இரண்டாவது வாக்கில் யூஎஸ் ஏர்வேஸ் நிறுவனத்தோடு இணையும் வாய்ப்பு பெரும்பங்கு வகித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாக்குரிமை வலியில்லாத மருந்து என்று நான் வாதிட வரவில்லை. நிராகரிப்பு வந்தால் பேச்சு செத்துவிடும் என்ற அச்சத்தைத்தான் இந்த இரண்டு சான்றுகளும் பொய்யாக்குகின்றன. மறுபுறம், வாக்கை எடுத்துவிட்டால் பிணக்கு அடங்கிவிடும் என்ற நம்பிக்கையும் பலிக்கவில்லை. 2004 திருத்தத்துக்குப் பின், 2007இல், ஏ380 விமானத்தை ஓட்டுபவர்களின் சம்பளம் பற்றிய பிணக்கு சிங்கப்பூரின் தொழில் நடுவர் நீதிமன்றம் வரை போயிற்று.

இரண்டாவது வாதம் இதைவிடக் கூர்மையானது. ஒப்புதல் வாக்குக்கான ஏற்பாடு ஆல்பா-எஸ் விதிகளில் இருந்தும் 2003 நடந்ததே, அப்படியிருக்க வாக்கு எப்படி நம்பிக்கையைத் தரும் என்று கேட்கலாம். சரியான கேள்வி. விதியில் ஒரு வாக்கு இருந்தால் மட்டும் போதாது. எதற்கு வாக்களிக்கிறோம் என்று தெரிய வேண்டும். ஒப்பந்தத்தின் முழு வாசகமும் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். எந்தப் பிரிவினருக்கு எவ்வளவு இழப்பு என்ற கணக்கு இருக்க வேண்டும். நிறுவனம் மீண்டால் வெட்டியதை எப்போது, எந்த அளவில் திருப்பித் தரும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். படிப்பதற்கு நாள் வேண்டும். இவை இல்லாத வாக்கு வெறும் கைதூக்கல். இருந்தும், 2003இல் உறுப்பினர்கள் தங்கள் அதிருப்தியைச் சங்கத்துக்குள்ளேயே, சங்க விதியின்படியே தீர்த்துக்கொண்டார்கள். அந்த வழியும் இல்லாத இடத்தில் அதிருப்தி எங்கே போகும் என்பதற்கு இந்தியாவில் சான்று கிடைக்கிறது. 2009இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் புதிதாகச் சங்கம் தொடங்கினார்கள். அதில் முன்னின்ற இருவரை நிறுவனம் வேலை நீக்கம் செய்ததை எதிர்த்து, செப்டம்பரில் நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே நேரத்தில் நோய் விடுப்பு எடுத்தார்கள். சேவை நாள் கணக்கில் முடங்கியது.

விமானிகள் வசதியானவர்கள், அவர்களுடைய உள்சண்டை தொழிலாளர் இயக்கத்தின் கவலை அல்ல என்பது இன்னொரு வாதம். வசதியானவர்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்த ஏ380 வழக்கின்போது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கேப்டன்கள் நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கு 270,000 வெள்ளிக்கு மேல் சம்பாதிப்பது பொதுவெளிக்கு வந்து, மக்கள் அனுதாபத்தைக் கரைத்துவிட்டது. ஆனால் அரசுகள் சட்டத்தைத் திருத்தும்போது வசதியானவருக்கு ஒன்று, இல்லாதவருக்கு ஒன்று என்று எழுதுவதில்லை. 1979இல் விமான நிறுவனத்தில் எழுந்த பிணக்கை அடக்க 1980இல் கொண்டுவந்த கட்டுப்பாடுகள் ரப்பர் மரம் சீவியவரையும் கட்டின, பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் இரவு நேர வேலை பார்த்த பெண்ணையும் கட்டின. வசதியும் பேரம் பேசும் வலிமையும் உள்ள விமானிகளுக்கே இந்த நிலை என்றால், பிறர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பாயான் லெப்பாஸ் என்று சொன்னதால் நம் ஊருக்கு வருகிறேன். இந்தத் தீவின் மின்னணுத் தொழிலாளர்களுக்குத் தேசிய அளவில் ஒரே சங்கம் அமைக்கும் உரிமை பல பத்தாண்டுகள் மறுக்கப்பட்டது. 1988இல் நிறுவனத்துக்கொரு சங்கம் என்ற அளவிலும், 2009இல் வட்டாரச் சங்கம் என்ற அளவிலும்தான் அரசு இறங்கி வந்தது. இப்போது சட்டம் மீண்டும் மாறியிருக்கிறது. 2024 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி ஒரே தொழிலில், ஒரே நிறுவனத்தில்கூட ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கலாம். சங்கங்கள் பெருகினால் முதலாளிக்குத்தான் கொண்டாட்டம் என்று மூத்த பொறுப்பாளர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஏர் இந்தியாவில் ஒன்றாக இணைக்கப்பட்ட பழைய இரு நிறுவனங்களின் விமானிகள் தனித்தனிச் சங்கங்களாகவே நின்றார்கள். 2011இல் ஒரு சங்கமும் 2012இல் மற்றொரு சங்கமும் தனித்தனியே வேலை நிறுத்தம் செய்தன. இரண்டாவது, 787 விமானத்தில் யாருக்குப் பயிற்சி தருவது என்பதை முன்னிட்டு ஏறத்தாழ இரண்டு மாதம் நீண்டது. விமானி விமானிக்கு எதிராக நின்ற போராட்டம் அது. பலனும் கசப்பாகவே முடிந்தது. அந்தப் பிளவு நம் சங்கங்களுக்கு வராமல் தடுக்கப் பழைய சட்டத்தின் தனியுரிமை இனி உதவாது. அதிருப்தி கொண்ட உறுப்பினர் சந்தாவை நிறுத்திவிட்டுப் பக்கத்துச் சங்கத்துக்குப் போக இன்று வழி திறந்திருக்கிறது. அவரை நிறுத்தி வைக்கத் தலைமை செய்யக்கூடியது, ஒப்பந்தத்தில் அவருக்கும் ஒரு வாக்கைத் தருவது.

இதற்கு நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. சிங்கப்பூர் செய்ததைப்போல் நம் சட்டம் ஒப்புதல் வாக்கு விதியை வலுவிழக்கச் செய்யவில்லை. கேட்காமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே சங்கம் தன் விதிகளில் எழுதிக்கொள்ளலாம். வழக்கமான விதித் திருத்தங்களைப்போல் தலைமை இயக்குநரிடம் பதிவு செய்தால் போதும். இந்த அவையில் இருக்கும் பொறுப்பாளர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் அடுத்த பேராளர் மாநாட்டில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். கூட்டு ஒப்பந்தத்தின் முழு வாசகமும் உறுப்பினர் பேசும் மொழியில், மலாயிலோ தமிழிலோ சீனத்திலோ, கையெழுத்துக்குக் குறைந்தது பதினான்கு நாள் முன்பாக அவர் கைக்குப் போக வேண்டும். வேலைக்கிடையில் வந்து போட வசதியாக ரகசிய வாக்கெடுப்பு நடக்க வேண்டும். வாக்களித்தவர்களில் பெரும்பான்மை சம்மதித்தால் மட்டுமே செயலவை கையெழுத்திட வேண்டும். மாநாட்டில் தோற்றாலும் பரவாயில்லை, மறு ஆண்டும் கொண்டுவாருங்கள்.